தலைவர் வலப்பக்கம் திரும்பிய காலை

பாலையூற்றுக் கனகரத்தினத்தாரின் பெயருக்கு முன்னாலும் பட்டங்கள் இருந்தன, பின்னாலும் பட்டங்கள் இருந்தன. முன்னால் வருபவை மேடைகளில் மாலை போட்டவர்கள் கொடுத்தவை. பின்னால் வருபவை கடிதத்தலைப்பு அச்சடிக்கக் கொடுத்தபோது அவரே சேர்த்துக்கொண்டவை. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, சமாதான நீதவான், வீதிப் பாதுகாப்பு விழிப்புணர்வு மன்றத்தின் ஸ்தாபகத் தலைவர். மன்றத்துக்கு இதுவரை வேறு தலைவர் இருந்ததில்லை. பிறகெதற்கு 'ஸ்தாபக' என்று கேட்கிற தைரியம் செயலாளர் தனஞ்சயனுக்கு இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வீதி ஒழுங்கைப்பற்றிப் பேசுவார். 'சமிக்ஞை', 'அவதானம்', 'நிதானம்' என்று மூன்று சொற்களைத் தூண்களாக நட்டு, நடுவிலே ஒரு மணித்தியாலத்தைக் கட்டிவிடுவார். பிள்ளைகள் தூங்கிப்போனால், அவர்கள் நிதானத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு விசயம்தான் வெளியில் தெரியாது. தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். கனகரத்தினத்தாருக்குக் காரை வலப்பக்கம் திருப்ப ஏலாது.

இடப்பக்கம் திரும்புவது லேசு. வீதியின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு போய், அப்படியே வளைந்துவிடலாம். ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை. வலப்பக்கம் அப்படியல்ல. முதலில் ஓரத்தை விட்டு நடுவீதிக்கு வரவேணும். பிறகு எதிரே வருகிறவனின் வழியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகவேணும். ஓய்வுபெற்றுக் கார் வாங்கிய புதிதில் ஒருநாள், அப்படி அறுக்கப்போய், நடுச்சந்தியில் கார் நின்றுவிட்டது. எதிரே வந்த கல் லொறி, அவருடைய கதவுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அதன் சூடு யன்னலுக்குள்ளால் அவர் முகத்தில் அடித்தது. லொறிக்காரன் இறங்கி வந்து திட்டியிருந்தால் அவனுடைய முதலாளிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருப்பார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அவருடைய உலகம் இடப்பக்கமாகவே சுற்றியது. எங்கே போவதென்றாலும் இடம், இடம், இடம். சுற்றுவட்டங்களைக் கண்டால் கோயிலைக் கண்டதுபோல ஒரு நிம்மதி. கண்டி வீதியிலிருந்து அவர் வீட்டுக்குப் பிரிகிற ஒடுங்கிய ஒழுங்கை, ரவுணிலிருந்து, அதாவது நகரத்திலிருந்து, வரும்போது வலப்பக்கம். ஆகவே ஒழுங்கையைத் தாண்டி, நெடுந்தூரம் போய், ஒரு சுற்றுவட்டத்தைச் சுற்றி, திரும்பி வந்து இடப்பக்கமாக உள்ளே நுழைவார். இதற்கு 'மாலைநேர வீதிக் கண்காணிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். அவர் மனைவி புஸ்பராணி வைத்த பெயர் வேறு. "எங்கட வீட்டைத் தாண்டித்தான் எங்கட வீட்டுக்குப் போறம்" என்பார்.

ஆனால் புஸ்பராணி காட்டிக்கொடுத்தவரல்ல. காரில் வேறு யாராவது இருக்கும்போது, வலப்பக்கம் திரும்பவேண்டிய சந்தி கிட்ட வர, "இஞ்சருங்கோ, நேர போங்கோ, பூ வாங்கவேணும்" என்று ஆபத்பாந்தவியாகக் குரல் கொடுப்பார். அப்படி வாங்கிய பூவையெல்லாம் கோத்தால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒரு மாலை போடலாம்.

உவர்மலைச் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் பக்கீரும், அங்கே வாங்குப் பலகையில் குந்தியிருக்கிறவர்களும் அவரைத் 'தோழர்' என்று கூப்பிடுவார்கள். கனகரத்தினத்தார் வேலைநிறுத்த நாட்களிலும் தவறாமல் கையொப்பமிடப் போன மனுசன். ஆனாலும் அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பாமர மக்களின் வாஞ்சை என்று வீட்டில் விளக்கம் சொன்னார். புஸ்பராணி சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்று வீதிப் பாதுகாப்பு வாரத்தின் முதல்நாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து ஒரு பெரும் நடைபவனி. வெள்ளை நஷனல் சட்டையும் வேட்டியும் உடுத்து, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்று நிறத்தில் ஒரு பட்டி போட்டு, அதற்கு மேலால் ஆசனப்பட்டியையும் மாட்டிக்கொண்டு தலைவர் காரில் ஏறினார். பின் யன்னலடித் தட்டில் துண்டுப்பிரசுரங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. தலைப்பு: 'வலப்புறம் திரும்பும் சாரதிகளுக்கான நெறிமுறைகள்.' எழுதியவர் அவரேதான். மனுசனுக்கு எதில் பயமோ அதைப்பற்றித்தான் நீட்டி எழுத வரும்.

கார் ஒழுங்கை முகப்புக்கு வர, பக்கத்து வீட்டு வளவுப் பல்கீஸ் தன் மகள் ஷாமிலாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றார். பிள்ளை வெள்ளைச் சீருடையும் பர்தாவும். கையில் பேனைப் பெட்டியும் அனுமதி அட்டையும்.

"சேர், இந்தப் புள்ளைக்கு இண்டைக்குச் சோதினை. எட்டரைக்குப் பேப்பர். உவர்மலையில மண்டபம். பேசிவெச்ச ஓட்டோ இன்னும் வரல்ல."

"ஏன் வரவில்லை? பொறுப்பற்ற சாரதிகள்" என்றார் தலைவர்.

"உங்கட ஊர்வலத்துக்குப் போயிட்டானாம் சேர். கொடி கட்டிக்கிட்டு வரல்ல எண்டா பேர் எழுதுவாங்களாம். பாலையூற்றில ஒரு ஓட்டோ இல்ல."

ஓட்டோக்கள் கட்டாயம் கலந்துகொள்ளவேண்டும் என்ற அந்தக் கட்டளை தலைவருடைய மூளையில் உதித்ததுதான். அவர் தொண்டையைச் செருமினார். புஸ்பராணி அதற்குள் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கோ பல்கீஸ். மூண்டாம் தரமெல்லே பிள்ளைக்கு?"

"ஓம் அக்கா. இதோட சரி. இனி எழுத ஏலாது. போன முறை ரெண்டு புள்ளியால கெம்பஸ் போச்சு." பல்கீஸ் ஏறி இருந்து பிஸ்மி சொன்னார். கதவு சாத்தியபிறகு இன்னொரு முறையும் சொன்னார். ஷாமிலா பேனைப் பெட்டியை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"பதற்றம் வேண்டாம் மகள்" என்றார் தலைவர், மேடைக் குரலில். "நிதானமே பிரதானம். உரிய நேரத்தில் உரிய இடத்தில் சேர்ப்பிக்கப்படுவீர்."

அவர் மனதில் வழி தெளிவாக இருந்தது. கண்டி வீதியால் ரவுண் பக்கம் போகும்போது உவர்மலைக்குத் திரும்பும் சந்தி வலப்பக்கம் வரும். அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போகவேணும். மணிக்கூட்டுக் கோபுரச் சுற்றுவட்டத்தைச் சுற்றவேணும். அதே வீதியால் திரும்பி வந்தால் உவர்மலை இடப்பக்கம். எத்தனையோ தரம் போன வழி. நேரமும் கிடந்தது.

சந்திக்குக் கிட்ட வரும்போதுதான் வீதி நின்றது.

முன்னால் பஸ். அதற்கு முன்னால் லொறி. அதற்கும் முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வாகனங்களின் முதுகுகள். ஒன்றும் அசையவில்லை. அவர்கள் போகும் திசையில் இரண்டு வரிசைக்கு இடமிருந்தது. இடப்பக்க வரிசை மரக்கட்டையாகக் கிடந்தது. வழக்கப்படி தலைவர் அதில் நின்றார். வலப்பக்க வரிசையால் மோட்டார் சைக்கிள்களும், உவர்மலைக்குத் திரும்பும் கார்களும் விர் விர்ரென்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"என்னப்பா இது?" என்றார் புஸ்பராணி.

தலைவரின் கைத்தொலைபேசி அடித்தது. வாகனம் ஓட்டும்போது தொலைபேசி கூடாதென்று அவர் பிரசுரம் வெளியிட்டிருந்தபடியால் புஸ்பராணி அதை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவருடைய வாய்க்கு நேரே பிடித்தார்.

"சேர், தனஞ்சயன் கதைக்கிறன். எங்க நிக்கிறீங்கள்? பொலிஸ் றோட்டைப் பூட்டிப்போட்டு நிக்குது. நீங்கள் வந்தவுடனே வெளிக்கிடலாம்."

"நான் வருவதற்கு வீதியைத் திறக்கவேண்டும் தனஞ்சயன்."

"நீங்கள் வந்தால்தான் சேர் திறக்கலாம். தலைவர் வராமல் பவனி அசையக்கூடாது, பவனி போகாமல் வீதி திறக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்."

பின்னால் பல்கீஸ் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"அப்ப நீங்கள் இல்லாமல் வெளிக்கிடச் சொல்லுங்கோ" என்றார் புஸ்பராணி.

"தலைவர் இல்லாத பவனியா? அது பவனியல்ல, நெரிசல்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிக்கிட்டாலும் இந்த வீதியாலதான் வரும். அப்பவும் பூட்டுத்தான்" என்றார். அது உண்மை. சுற்றுவட்டத்துக்குப் போக இன்றைக்கு வழியில்லை.

உவர்மலைச் சந்தி முன்னால் தெரிந்தது. பக்கீரின் கடைத் தகரக்கூரையும் தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் ஆறேழு வாகன நீளம். அவ்வளவு கிட்ட. பக்கத்து வரிசைக்கு மாறிப் போய், வலப்பக்கம் திரும்பினால், மலையேறிய உடனே மண்டபம்.

"சேர், மணி எட்டு பத்தாகுது" என்றாள் ஷாமிலா. காரில் ஏறியபிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"வரிசை நகரும் மகள்."

வரிசை நகரவில்லை. நகராத வரிசையில் பத்து நிமிடம் என்பது பெரிய நேரம். அதற்குள் வலப்பக்க வரிசையால் எத்தனையோ பேர் போய்த் திரும்பிவிட்டார்கள். ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிள்காரன் போனான். இரண்டு பிள்ளைகளை முன்னாலும் பின்னாலும் இருத்திய ஒரு தாய் ஸ்கூட்டியில் போனாள். ஒருத்தரும் வலப்பக்கச் சந்தியை ஒரு சந்தியாகவே மதிக்கவில்லை.

"ஏன் சேர் நாங்க மட்டும் நிக்கிறம்?" என்றாள் ஷாமிலா. "மத்த ஆக்கள் அங்கால போய்த் திரும்புறாங்களே."

தலைவர் வாயைத் திறந்தார். 'பாதுகாப்பு' என்ற சொல் முன்னுக்கு வந்து நின்றது. அதைச் சொல்லமுன்னம், பின்னால் கதவின் கொழுக்கி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் இறங்கி ஓடுறன் உம்மா."

பிள்ளை திறக்கப்போனது வலப்பக்கக் கதவு. பக்கத்து வரிசையால் ஒரு மோட்டார் சைக்கிள் விரைந்து வந்துகொண்டிருந்ததைத் தலைவர் பக்கக்கண்ணாடியில் கண்டார்.

"திறவாத!" என்று கத்தினார். மேடைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "கதவை விடு பிள்ளை!"

மோட்டார் சைக்கிள் கண்ணாடியை உரசுவதுபோலப் போனது. ஷாமிலாவின் கை கொழுக்கியிலேயே இருந்தது. அவள் அழுதாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"ஓடினாலும் போய்ச்சேர ஏலாது புள்ள, மலையேறவேணும். ஏறிப் போய் மூச்சிரைக்க எப்பிடி எழுதுவ" என்றார் பல்கீஸ். பிறகு முன்னாசனத்தைப் பார்த்து, "சேர், ஒண்டு செய்யுங்க" என்றார்.

புஸ்பராணி இவ்வளவு காலமும் பூ வாங்கிய வாயால் அன்றைக்கு வேறொன்றைச் சொன்னார்.

"அவருக்கு வலப்பக்கம் திரும்ப ஏலாது பல்கீஸ். பயம்."

தலைவர் முன்கண்ணாடிக்கு அப்பால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதான நீதவான் ஒருவரை அவர் மனைவி, நடுவீதியில், சாட்சிகளின் முன்னால் காட்டிக்கொடுத்தால் அதற்கு என்ன சட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சுதான் அக்கா ஏறின நாங்க" என்றார் பல்கீஸ் அமைதியாக. "வேற வழி இல்லாமத்தான்."

கனகரத்தினத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. ஊர் அறியாத இரகசியம் என்று இத்தனை காலம் அவர் சுமந்து திரிந்ததை, பக்கத்து வளவில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அவர் கையை நீட்டி வலப்பக்கச் சமிக்ஞையைப் போட்டார். துடைப்பான்கள் எழுந்து உலர்ந்த கண்ணாடியைக் கறகறவென்று துடைத்தன.

"அது வைப்பர்" என்றார் புஸ்பராணி.

இரண்டாம் முறை சரியானது விழுந்தது. டிக், டிக், டிக். அந்தக் காரின் வலப்பக்க விளக்கு வாங்கிய நாள்போலப் புதுசு. தன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அது பளிச்சுப் பளிச்சென்று மின்னியது.

"இனி என்ன?" என்றார் தலைவர். கேட்ட குரல் அவருடையதுபோல இல்லை.

ஷாமிலா முகத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, பின்தட்டிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை உருவினாள். "சேர், இதுல இரிக்கு." அவள் படித்தாள், பரீட்சைக்கு மனனம் செய்கிற பிள்ளையின் வேகத்தில். "ஒன்று. வலப்புறம் திரும்பும் அவாவுடைய சாரதியானவர், முதற்கண், தமது சித்தத்தைச் சஞ்சலமற்றதாக்கி, பின்புறத்தே வருகின்ற ஏனைய வாகனாதிகளின் போக்கினைத் தமது பார்வையாடிகளின் துணைகொண்டு ஐயந்திரிபற அவதானித்து, அதன்பால்..."

பக்கத்து வரிசையில் ஒரு நல்ல இடைவெளி வந்தது. 'அதன்பால்' வரும்போது அது போய்விட்டது. லொறி ஒன்று அதை நிரப்பியது.

"இதை எழுதேக்க மூச்சு விட்டனீங்களோ?" என்றார் புஸ்பராணி. பிள்ளையின் கையிலிருந்து தாளை வாங்கி, கண்ணை ஓட்டினார். முப்பது வருசம் அவருடைய பேச்சைக் கேட்ட மனுசிக்கு, அதில் தேவையானது எது என்று பொறுக்கி எடுப்பது பழக்கம். "கண்ணாடியைப் பாருங்கோ. லைட் போட்டாச்சு. தோளுக்கு மேலால ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ. ஆக்கள் இல்லையெண்டால் மெல்ல அங்கால மாறுங்கோ. அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை. அப்படியே ஸ்டியரிங்கை வெட்டப்போனார்.

"தோளுக்கு மேலால!"

திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து பாதியில் நின்றது. ஆசனப்பட்டிக்கு அடியில் அகப்பட்ட மூவர்ணப் பட்டி கழுத்தோடு இறுகிப் பிடித்தது. புஸ்பராணி அதை இரண்டு கையாலும் பற்றி ஒரு இழுவை இழுத்தார். ஊசி தெறித்தது. 'ஸ்தாபகத் தலைவர்' என்ற எழுத்தோடு பட்டி அவர் மடியில் சுருண்டு விழுந்தது. கழுத்துத் திரும்பியது. கண்ணாடிக்கு அகப்படாத மூலையில், காரின் பின்கதவோடு ஒட்டியபடி ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் அவருடைய முகத்தை ஒரு கை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு போனார்.

திரும்பிப் பாராமல் மாறியிருந்தால்? 'பார்வையாடிகளுக்கு அகப்படாத மறைவிடம் ஒன்றுண்டு' என்று எட்டாவது விதியில் அவரே எழுதியிருந்தார். அது மெய்யாகவே உண்டென்று அன்றைக்குத்தான் கண்டார்.

"இப்ப?"

"இப்ப ஒருத்தரும் இல்லை. மெல்ல."

கார் இடப்பக்க வரிசையை விட்டு வெளியே வந்தது. பத்து வருசத்துக்குமேல் ஓரத்தைப் பிடித்து ஓடிய கார். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓடுவது அவருக்குக் கூரை முகட்டில் நடப்பதுபோல இருந்தது. சந்தி வந்தது. அவர் நடுக்கோட்டில், திரும்புவதற்கு வாகாக நின்றார்.

எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளம். ரவுணுக்குள் போக ஏலாமல் பொலிஸார் திருப்பிவிட்டவை, நிலாவெளிப் பக்கமிருந்து வந்தவை, எல்லாம் இரண்டு வரிசையாக அவரை நோக்கி வந்தன. பின்னால் ஒரு வான் பாம் பாமென்று கோன் அடித்தது. பிறகு இரண்டாவது வான். அவர் கை தானாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் முறுக்கிப் பிடித்தது.

"சில்லை நேராக்குங்கோ" என்றார் புஸ்பராணி, தாளைப் பார்த்தபடி. "திருப்பி வைச்சுக்கொண்டு நிண்டால், பின்னால இடிக்கிறவன் நேர எதிர்ப்பக்கத்துக்குள்ள தள்ளிவிடுவானாம். நீங்கள்தான் எழுதியிருக்கிறீங்கள். நல்ல கருத்து."

அவர் நேராக்கினார். பக்கீரின் கடை வாங்கில் இருந்த நாலைந்து பேரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்றதைக் கண்டார். பார்க்கிறார்கள். ஊர் பார்க்கிறது.

கோன் சத்தம் நீண்டது.

"அவன் அடிக்கட்டும்" என்றார் பல்கீஸ் பின்னாலிருந்து. "அவன்ட கை, அவன்ட கோன். நீங்க பாத்துப் போங்க."

அப்போது எதிர்ப்பக்கத்து முதல் வரிசையில் வந்த பஸ் ஒன்று வேகம் குறைத்து நின்றது. பஸ் சாரதி கையை வெளியே போட்டு, போ போ என்று அசைத்தார். புண்ணியவான். தலைவரின் உடம்பு முழுவதும் அந்தக் கையை நம்பியது. கிளச்சை விட்டார். கார் துள்ளி முன்னால் பாய்ந்தது.

"நில்லுங்கோ!"

பிறேக். எல்லாரும் முன்னால் போய் வந்தார்கள். நின்ற பஸ்ஸின் மறுபக்கத்தால், ஓர வரிசையில், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று பஸ் ஏன் நின்றது என்றுகூடக் கேட்காமல் சீறிக்கொண்டு வந்து, காரின் மூக்குக்கு முன்னால் கடந்து போனது. மீன் மணம் மட்டும் உள்ளே வந்து நின்றது.

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை என்பதைத் தலைவர் சற்றுப் பிந்தித்தான் கவனித்தார். அன்று கல் லொறிக்கு முன்னால் நின்றது; இன்றைக்கு நிற்கவில்லை.

"பஸ்காரன் தன்ர வழியைத்தான் தருவான்" என்றார் அவர், தனக்குத்தானே. இது எந்தப் பிரசுரத்திலும் இல்லை. "மற்றவன்ர வழியை அவன் தர ஏலாது."

மெல்ல, ஆமைபோல, பஸ்ஸின் மூக்குக்கு அப்பால் பார்வை எட்டும்வரை காரை ஊர்ந்து கொண்டுவந்தார். ஓர வரிசை தெரிந்தது. ஒரு ஓட்டோ வந்தது. விட்டார். ஒரு சைக்கிள் வந்தது. விட்டார். பின்னால் கோன் கத்தியது. அதையும் விட்டார். பிறகு ஒன்றுமில்லாத வீதி, ஒரு வாயளவு.

திருப்பினார்.

கார் உவர்மலை வீதிக்குள் வந்து சேர்ந்தது. நேராக்கக் கொஞ்சம் பிந்திவிட்டதால் பக்கீரின் கடையோரமாக, வாங்குக்குக் கிட்டவாகப் போனது. யன்னல் திறந்து கிடந்தது. வாங்கில் நின்ற ஒருத்தர் மற்றவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"மச்சான், தோழர் கட்சி மாறிட்டார்."

"வலதுசாரியா?" என்றார் மற்றவர். பக்கீர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.

கனகரத்தினத்தார் மலையேற்றத்தில் கியரை மாற்றினார். அரைவாசி ஏறும்போதுதான் விளங்கியது. இவ்வளவு காலமும் 'தோழர், தோழர்' என்று கூப்பிட, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போனாரே. மெல்லப் புஸ்பராணியைப் பார்த்தார். புஸ்பராணி தன் பக்க யன்னலால் துறைமுகத்தை வெகு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு கப்பலும் இல்லை.

பரீட்சை மண்டபம் இருந்த பாடசாலைப் படலை பாதி சாத்தியிருந்தது. ஷாமிலா இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். ஓட வெளிக்கிட்டவள், திரும்பி வந்து இருக்கையில் விட்ட பேனைப் பெட்டியை எடுத்தாள். "சேர்" என்றாள். ஓடினாள். காவல்காரர் அனுமதி அட்டையைப் பார்த்துக் கையைக் காட்ட, வெள்ளைச் சீருடை கட்டடத்துக்குள் மறைந்தது. அவள் மறைந்தபிறகுதான் மணி அடித்தது.

பல்கீஸ் படலைக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். முதல் பேப்பர் முடியும்வரை அங்கேதான் இருப்பாராம். "போயிட்டு வாங்க சேர். போகக்கொள்ளயும் பாத்துப் போங்க." பிறகு புஸ்பராணியிடம் குனிந்து, "நல்லாப் படிச்சுக் குடுத்தீங்க அக்கா" என்றார்.

திரும்பி இறங்கும்போதும் தலைவர் தொலைபேசியைக் கையில் வாங்கவில்லை. "தனஞ்சயனுக்கு எடும்" என்றார் மனைவியிடம். எடுத்து வாய்க்கு நேரே பிடித்ததும், "நான் இல்லாம வெளிக்கிடுங்கோ" என்றார்.

"சேர்? நீங்கள் இல்லாமலோ?"

"ஓம். சனம் நிக்குது. றோட்டை விடுங்கோ."

தனஞ்சயனுக்கு அந்தத் தமிழ் புதிது. இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அவர்கள் மீண்டும் சந்திக்கு வரும்போது, பவனி பாண்ட் வாத்தியத்தோடு கண்டி வீதியால் வந்துகொண்டிருந்தது. கார் உவர்மலை வீதியின் வாயில் நின்று வழிவிட்டது. வலப்பக்கம் போனால் மணிக்கூட்டுக் கோபுரம். இடப்பக்கம் போனால் பவனி போகும் திசை. கொடி கட்டிய ஓட்டோக்கள் போயின. சீருடைப் பிள்ளைகள் போனார்கள். தலைவரின் படம் போட்ட பதாகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். படத்தில் அவர் வலது கையை வலப்பக்கம் நீட்டி வழிகாட்டிக்கொண்டிருந்தார். பதாகைக்குப் பின்னால், தலைவர் நடக்கவேண்டிய இடத்தில், ஒரு வெறுமையை ஒழுங்காக விட்டுக்கொண்டு தனஞ்சயன் வந்தார். காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சேர், வாங்கோ. இடப்பக்கமாத் திருப்பி முன்னுக்கு வாங்கோ. இடம் வைச்சிருக்கு."

இடப்பக்கம். ஓரத்தோடு ஒட்டி, அப்படியே வளைந்தால் பதாகைக்குப் பின்னால் போய்விடலாம். மாலையும் வைத்திருப்பார்கள். மடியில் கிடந்த மூவர்ணப் பட்டியைத் தலைவர் பார்த்தார். ஊசி போன இடத்தில் சின்னக் கிழியல். பக்கீரின் வாங்கைப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் பவனியைப் பார்க்கவில்லை. காரின் முன்விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எந்தப் பக்கம் மின்னப்போகிறது என்று.

"நீங்கள் போங்கோ தனஞ்சயன்" என்றார்.

பவனி போனது. அதன் வாலில் பொலிஸ் ஜீப் போனது. அதற்குப் பின்னால், அடைபட்டுக் கிடந்த ரவுண் வாகனங்கள் அத்தனையும் விடுதலையான கோபத்தோடு வந்தன. புஸ்பராணி மடியிலிருந்த பிரசுரத்தை எடுத்து விரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை மடித்து முகத்துக்கு விசுக்கிக்கொண்டார்.

கனகரத்தினத்தார் வலப்பக்க விளக்கைப் போட்டார். இந்த முறை வைப்பர் எழும்பவில்லை. டிக், டிக், டிக். கண்ணாடியைப் பார்த்தார். தோளுக்கு மேலால் பார்த்தார். காத்திருந்தார். ஒரு லொறி, ஒரு வான், ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் ஒருத்தரும் இல்லை; ஒருத்தரும் கோன் அடிக்கவுமில்லை.

"பவனி அங்கால போகுது" என்றார் புஸ்பராணி. "இஞ்சால ரவுணில இப்ப ஒருத்தரும் இல்லை."

"தெரியும்."

"அப்ப எங்க போறம்?"

வலத்தே பார்த்தார், இடத்தே பார்த்தார், மறுபடி வலத்தே பார்த்தார். ஒரு பஸ் நின்று வழிவிட்டது. அவர் பஸ்ஸை நம்பவில்லை. அதற்கு அப்பால் பார்த்தார்.

"அப்பிடியெண்டால்" என்றார் புஸ்பராணி, இருக்கையில் சாய்ந்துகொண்டு, "இண்டைக்குப் பூ வாங்கத் தேவையில்லை."